கணையம்: காரணமும் குற்றமும்

பரிமேலழகர் வரிசையில் திருக்குறளின் 95-ஆவது அதிகாரம் மருந்து. அதற்கு முன்னால் நிற்பவை எவை என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. 92 வரைவின் மகளிர். 93 கள்ளுண்ணாமை. 94 சூது. ஒரு மனிதன் கெட்டுப்போகும் வழிகளையெல்லாம் சொல்லி முடித்த கையோடு நோயாளி உள்ளே வருகிறான். பரத்தை வீட்டிலிருந்தும் கள்ளுக்கடையிலிருந்தும் கவறாடும் இடத்திலிருந்தும் நேரே வைத்தியன் வாசலுக்கு. இந்த அடுக்கு வள்ளுவருடையதோ உரைகாரருடையதோ, எப்படியானாலும் நமக்கு அது உறுத்தாமலே பழகிவிட்டது.

உரைகாரர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அதிகாரத்துக்கு முன்னுரையாக அவர் சொல்வதன் சாரம் இது: பிணிகள் இரண்டு வழியாக வருகின்றன. ஒன்று பழவினை. இன்னொன்று காரணங்கள். பழவினையால் வந்தது அது கழிந்தால்தான் தீரும், அதற்கு மருந்தில்லை, எனவே அதை விட்டுவிடலாம். காரணங்கள் எனப்படுபவை உணவும் செயலும் ஒவ்வாமல் போவது. அவற்றுக்குத்தான் இந்த அதிகாரம். பகுப்பு சுத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டு அறைகளுக்கும் சாவி நோயாளி கையிலேயே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். போன பிறவியில் செய்தான், அல்லது நேற்றுத் தின்றான். அவன் செய்யாத எதனாலும் அவனுக்கு நோய் வருவதற்கு இந்தக் கட்டிடத்தில் இடமில்லை. 'வினை' என்ற ஒரே சொல்லைச் செய்வதற்கும் அனுபவிப்பதற்கும் வைத்துக்கொண்டிருக்கும் மொழியில் வேறுவிதமாக யோசிப்பது சிரமம்தான்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. முன் உண்டது செரித்த பின் உண், அளவறிந்து உண் என்பது அந்த அதிகாரத்தின் அடிப்படை யோசனை. அடுத்த வேளைச் சோறு உண்டு என்ற நிச்சயத்தின் மேல் நிற்கும் யோசனை இது. சோறில்லாதவன் பத்து அதிகாரங்கள் தள்ளி, 105-இல், நல்குரவில் தனியாக இருக்கிறான். 95-க்கும் 105-க்கும் நடுவே பாலம் கிடையாது. தின்றதால் வரும் நோய் உண்டு, தின்னாததால் வருவது துன்பம் மட்டும்.

இந்த விஷயங்களை நான் யோசிக்க நேர்ந்தது கணையத்தை முன்னிட்டு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு சாண் நீளமுள்ள சுரப்பி. நூறு கிராமுக்குள் எடை. தொட்டுப் பார்த்து அறிய முடியாது. இதயத்துக்கும் ஈரலுக்கும் நம் பேச்சில் இருக்கும் இடம் இதற்கு இல்லை. 'ஈரக்குலை நடுங்குகிறது' என்கிறோம், கணையம் நடுங்கியதாக யாரும் சொன்னதில்லை. பெயர்கூடப் பாடநூல் கொடுத்ததுதான். ஈழத்துப் பாடநூல்களில் இதே உறுப்பு 'சதையி'. கிரேக்கப் பெயருக்கு 'முழுக்கச் சதை' என்று பொருள் என்பதால் அவர்கள் செய்தது நேரான வேலை. நம்முடையது வேறு. பழைய அகராதிகளில் கணையம், கணையமரம் என்றால் வழியை மறித்துக் குறுக்கே போடும் தடைமரம். படுத்திருக்கும் தோற்றத்தை வைத்து யாரோ இட்டிருக்கலாம். ஆனால் உறுப்பின் வேலைக்கும் அது பொருந்திவிடுகிறது. சதையையும் கொழுப்பையும் கரைக்கக்கூடிய நீரைக் கணையம் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கிறது. அதில் உள்ள டிரிப்சின் சிறுகுடலை அடையும் வரை செயலற்ற வடிவத்தில், பூட்டப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். பூட்டு உள்ளேயே திறந்துகொண்டால் கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி என்பது இதுதான். இதே உறுப்பில் தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும் உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அவை அழிந்தாலோ அயர்ந்தாலோ நீரிழிவு.

எந்தக் கணைய நோயும் தீர்ப்பு இல்லாமல் வருவதில்லை என்பது என் கவனிப்பு. அழற்சி என்றால் குடிகாரன். நீரிழிவு என்றால் தின்று கொழுத்தவன், உடம்பு வளையாதவன். இரண்டிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது என்பதே தொல்லை. மது கணையத்தைக் கெடுக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மிதமிஞ்சிக் குடிப்பவர்களிலும் சிறு பகுதியினருக்கே அழற்சி வருகிறது. பித்தப்பைக் கல் நழுவி வழியை அடைத்தாலும் அதே அழற்சி, அதே வலி. பித்தக்கல் வந்தவனை யாரும் ஒழுக்கம் பற்றி விசாரிப்பதில்லை. ஒன்றன் காரணமாக இருப்பதும் அதற்குக் குற்றவாளியாக இருப்பதும் வெவ்வேறு தளங்கள். மழை பெய்ததற்குக் காரணம் உண்டு, குற்றவாளி இல்லை. உடம்பின் விஷயத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்காமல் நமக்குத் தூக்கம் வருவதில்லை.

குடியும் இல்லை, கொழுப்பும் இல்லை என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் நம் தென்கோடியில் ஒரு நோய் இருக்கிறது. சிறு வயதில் தொடங்கும் வயிற்றுவலி, இளமையில் நீரிழிவு, கணையக் குழாய்களுக்குள் கற்கள். எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பின் இருபுறமும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். 1959-இல் இந்தோனேசியாவில் ஸுய்டெமா என்பவர் வறுமைப்பட்ட, ஒட்டிப்போன உடம்புகளில் இதைக் கண்டு எழுதினார். அறுபதுகளில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பரிசோதித்து 1968-இல் ஒரு நூலே வெளியிட்டார். பிள்ளைப்பருவத்தில் வலி, பருவ வயதில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் சாவு என்ற மாதிரி அவர் நோயின் போக்கைச் சுருக்கியது பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். இந்த நோய்க்கு இலக்கணம் சொல்லும்போதே 'குடிப்பழக்கம் இல்லாதவர்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மனிதனின் நிரபராதித்தனம் நோய்க்குறியாகப் பதிவு பெறும் வேறு வியாதி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் காரணம் வேண்டுமே. மரவள்ளிக் கிழங்கு கிடைத்தது. கன்னியாகுமரியில் மரச்சீனி என்பார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பஞ்சகாலத்து உணவாக இதைப் பரப்பினார் என்பது வழக்கு. 1942-இல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் ஏழைகளைக் காப்பாற்றியதும் இந்தக் கிழங்குதான். இதில் சயனைடு தரும் பொருள் உண்டு. புரதம் குறைந்த உடம்பால் அந்த நஞ்சை முறிக்க முடியாது. ஆகவே கணையம் கெடுகிறது. ஊகம் அழகானது, ஒரு காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதும்கூட. பிறகு ஒவ்வொன்றாக இடித்தது. கிழங்கையே தின்று வாழும் மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இந்நோய் இல்லை. சென்னையில் பார்த்த நோயாளிகளில் பலர் கிழங்கை வழக்கமாக உண்டவர்களே அல்ல. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தும் நோயை உண்டாக்க முடியவில்லை. 2000-க்குப் பிறகு மரபணுவின் முறை வந்தது. முன்பு சொன்ன பூட்டைக் காக்கும் ஸ்பிங்க்-1 என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் நோயாளிகளில் கணிசமானோரிடம் இருந்தது. நோயில்லாத சிலரிடமும் இருந்தது. இருந்தால் வரும் என்றில்லை, இல்லாவிட்டால் வராது என்றுமில்லை.

விஞ்ஞானம் தவறியது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஊகித்து, சோதித்து, விட்டுவிடுவது அதன் நேர்மை. எனக்கு உறுத்துவது ஊகம் போன திசை. ஏழையின் நோய்க்குக் காரணம் தேடக் கிளம்பியவர்களின் கண் முதலில் விழுந்தது ஏழையின் தட்டில். அவன் ஏன் கிழங்கைத் தின்றான் என்பது வேறு துறையின் கேள்வியாகிவிட்டது. பரிமேலழகரின் 'உணவு, செயல்' அறைக்குள்தான் மறுபடியும் நுழைந்திருக்கிறோம். மரபணு வந்ததும் பழவினை அறையின் கதவு திறந்தது. அப்பனிடமிருந்து வந்தது, தாத்தாவிடமிருந்து வந்தது. மூன்றாவது அறை ஒன்று கட்டப்படவேயில்லை.

கட்ட முயன்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1955-இல் ஜமைக்காவில், மெலிந்த உடம்புக்காரர்களிடம், அறியப்பட்ட வகைகளில் அடங்காத ஒரு நீரிழிவைக் கண்டார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என்று ஒரு வகையை ஏற்படுத்தி, அதற்குள் கணையக் கல் உள்ளவர்களை ஒரு பிரிவாகவும் கல் இல்லாத மெலிந்தவர்களை மற்றொரு பிரிவாகவும் வைத்தது. பசி ஒரு நோயின் அதிகாரபூர்வப் பெயருக்குள் வந்தது. 1999-இல் அந்த வகை நீக்கப்பட்டது. ஊட்டக்குறைவுதான் நீரிழிவை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய நிரூபணம் இல்லை என்பது காரணம். கல் உள்ளவர்கள் 'கணைய நோய்களால் வரும் நீரிழிவு' என்ற தலைப்பின் கீழ் போனார்கள். மற்றவர்களுக்குத் தலைப்பே இல்லாமல் போயிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் விடாமல் பார்த்து, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, இவர்களுடைய உடம்பு மற்ற இரண்டு வகையாரின் உடம்புபோல நடந்துகொள்வதில்லை என்று 2022-இல் காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை 'ஐந்தாம் வகை' என்று ஏற்றது. நாற்பது வருஷத்தில் பசிக்குப் பெயர் கொடுத்து, பறித்து, எண்ணாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நிரூபணம் இல்லை என்று நீக்கியதில் தர்க்கப்பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் குடிக்கு இவ்வளவு கண்டிப்பான நிரூபணத்தை எந்த வாசலில் கேட்டோம்?

இலக்கியக்காரர்களாகிய நம் கை இதில் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். சூசன் சொன்டாக் 1978-இல் நோய்களை உருவகமாக்குவதை எதிர்த்து எழுதினார். தாமே புற்றுநோயிலிருந்து மீண்டிருந்தும் அந்த நூலில் தம்மைப் பற்றி அவர் பேசவில்லை. காசநோயை மேன்மையாக்கியதும் புற்றுநோயை அவமானமாக்கியதும் ஒரே பழக்கத்தின் இரு முகங்கள் என்பது அவர் வாதம். நமக்கும் காசநோயின் மேல் ஒரு மயக்கம் உண்டு. 1948-இல் புதுமைப்பித்தன் இறந்ததை அவருடைய எழுத்தோடு சேர்த்துப் படிக்காதவர் எத்தனை பேர்? வயிற்று நோய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. கணையக் கல்லும் முத்தும் ரசாயனத்தில் ஒன்றே, இரண்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தூத்துக்குடிப் பக்கத்தில் இதைச் சொன்னால் உடனே ஒரு கவிதை எழுதிக்கொடுக்க நம்மில் நாலு பேர் தயார். 1961-க்குப் பிறகு கடலில் பெரிய முத்துக்குளிப்பு இல்லை, ஏழையின் வயிற்றில் விளைகிறது என்று முடிக்கலாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கல் குழாயை அடைப்பதால் சாப்பிட்ட அரை மணியில் ஒருவன் முழங்காலை மார்பில் ஒட்டிக்கொண்டு உருள்கிறான். உவமை அவனை நிமிர்த்தாது.

பாரதி எப்படி இறந்தார் என்று எட்டயபுரத்தில் யாரைக் கேட்டாலும் யானை என்பார்கள். 1921-இல் திருவல்லிக்கேணியில் யானை தள்ளியது உண்மை. அதிலிருந்து தேறி வேலைக்கும் போய், செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார் என்பதும் உண்மை. மணிமண்டபத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது உண்மை ருசிப்பதில்லை. மகாகவிக்கு யானை தகும், பேதி தகாது. நாம் காரணத்தைக் கண்டுபிடிப்பதைவிடத் தேர்ந்தெடுப்பதே அதிகம். கதைக்குப் பொருந்தும் காரணமே காரணம்.

அதே 1921 கோடையில்தான் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தைக் கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போடப்பட்டது. அவனுடைய கணையம் ஏன் தோற்றது என்று அன்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே ஊசி வேலை செய்தது, பையன் இன்னும் பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான். 'காரணம் தெரிந்தால்தான் நிவாரணம்' என்று சொல்பவர்களுக்கு இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. காரணம் கேட்பவர்கள் எல்லோரும் நிவாரணத்துக்காகக் கேட்பதில்லை.

இதற்கு நான் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையைப் பெருக்கித் துடைக்க வரும் அம்மாளின் மகன், 23 வயது. பதினொரு வயதிலிருந்து வலி. குடற்பூச்சி என்றார்கள், குடல்புண் என்றார்கள், குலதெய்வத்துக்குக் குறை வைத்தது என்றார்கள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக் கல் என்றார்கள். படத்தைத் தூக்கிப் பிடித்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமாக் குடிக்கிறே?" பையன் இல்லையென்றான். மருத்துவர் தாயைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்தது. நல்ல வார்த்தையாக, அழுது, சாமி படத்தின் முன் நிறுத்தி, ராத்திரி ராத்திரியாக அம்மாள் கேட்டிருக்கிறார். நாலு மாசம் கழித்து ஒரு நாள் பையன் "ஆமாம்மா, குடிச்சேன், இனிமே தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவன் வாழ்நாளில் தொட்டதில்லை.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"குடிச்சேன்னா விட்டாச் சரியாப்போகும்லண்ணே. குடிக்கலன்னா யம்மா என்னத்த நம்பும்?"

பொய் சொல்லலாமா என்பதைப் பற்றி வகுப்பறையில் கான்ட்டை வைத்து ஒரு கட்சியும், தீமையற்ற நன்மை தரும் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்ற குறளை வைத்து மறு கட்சியும் கட்டுவோம். இரண்டும் இங்கே உதவவில்லை. கான்ட்டின் உதாரணத்தில் பொய் சொல்பவன் இன்னொருவனைக் காப்பாற்றச் சொல்கிறான், தன் மேலேயே குற்றம் சுமத்திக்கொள்ள அல்ல. குறள் கேட்பது தீமையற்ற நன்மை. இவன் பொய்யால் தாய் அன்று தூங்கினாள், அது நன்மை. ஆனால் தம்பியிடம் "அண்ணனப் பாத்துத் திருந்து" என்று சொல்லத் தொடங்கினாள். பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் வீட்டாருக்குச் செய்தி போய் அவர்கள் நின்றுவிட்டார்கள். அடுத்த தெருவில் இன்னொரு பையனுக்கு இதே வலி வந்தால் இவனைக் காட்டி முடிவு செய்துவிடுவார்கள். அவன் கொடுத்த வாக்குமூலம் அவன் மேல் மட்டும் நிற்கவில்லை. இவ்வளவும் தெரிந்தும் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரே ஒரு பதிலுக்கு மட்டும் இடம் வைத்துக் கேள்வி கேட்டால், கிடைக்கும் பொய் கேட்டவனுடையது.

மருத்துவத்தில் 'இடியோபதிக்' என்று ஒரு சொல் உண்டு. காரணம் அறியப்படாதது என்று பொருள் சொல்வார்கள். கிரேக்க வேரைப் பார்த்தால் 'தனக்கே உரிய துன்பம்'. மிகவும் கண்ணியமான சொல் என்று எனக்குப் படுகிறது. அந்த மருத்துவர் இதைச் சொல்லியிருக்கலாம். தமிழில் எப்படிச் சொல்வது என்று திகைத்திருந்தாலும் "தெரியலம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம். அதைத் தாங்கும் பலம் ஏழைத் தாய்க்கு இருக்காது என்று நாமாக எப்படி முடிவு செய்தோம்?

போன தை மாதம் ஒரு மருத்துவ உதவி நிதிக்கு மனு போட வேண்டியிருந்தது. சாப்பாட்டோடு விழுங்க வேண்டிய நொதி மாத்திரைகள் விலை அதிகம், இன்சுலின் வேறு. மனுவை நான் நிரப்பினேன். எட்டாவது கேள்வி, மது, புகையிலைப் பழக்கம் உண்டா. உண்டு என்றால் மனு பரிசீலிக்கப்படாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன். தாயும் மகனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே "இல்லண்ணே" என்றான். அம்மாள் அவசரமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "இல்லைன்னே எழுதுங்க சார், இப்பத்தான் விட்டுட்டானே" என்றார்.

இல்லை என்று எழுதினேன். மறுநாள் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் என் மேஜையில் இருந்தது. வேண்டாமென்றேன். "எங்களுக்காகப் பொய் எழுதியிருக்கீக, இதக்கூட வாங்கலன்னா எப்படி" என்றார். பையனுக்கு இனிப்பு ஆகாது, அவன் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.